விஜயம் டீச்சரின் பன்னிரண்டு மணி வகுப்பு

புத்தகத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "இப்போ வாசி" என்கிறார் விஜயம் டீச்சர். மூடியது தெரியாமல் பிள்ளை தன் பாட்டுக்குப் பாடத்தை ஒப்பிக்கிறது. "வாசிக்கறயா, பாடறயா?" என்று கேட்டுவிட்டு, நோட்டில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வைக்கிறார். மலையாளத் தலைநகரில், கிழக்கேகோட்டைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு அவருடையது. ஜூன் மாதம் முழுக்க இந்தப் புள்ளி வேட்டைதான்.

ஐம்பத்திரண்டு வயது. அக்ரஹாரத்துத் தெருவிலிருந்து நடந்தே வருவார். வழியில் கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை கண்டால் உள்ளே போய்ச் சொல்லாமல் நகரமாட்டார். அவர் வருவதைக் கண்டதும் ஒரு துணிக்கடைக்காரர் பலகைக்கு முன்னால் சேலையைத் தொங்கவிடுவதாகக் கேள்வி. குடையை மட்டும் வாரம் ஒரு முறை எங்கேயாவது விட்டுவிடுவார்.

தொண்ணூற்றெட்டில் அந்தப் புள்ளி அனுஷாவுக்கு விழுந்தது. தம்பானூரில் கட்டட வேலை செய்யும் மாடம்மாளின் மகள். அனுஷா மூன்றாம் பாடத்தைத் தங்குதடையின்றி முழங்கினாள். திறந்திருந்தது ஐந்தாம் பாடம். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியர் லிங்கம் சார் பெரிதுபடுத்தவில்லை. "சின்னக் கொச்சல்லே, டீச்சரே. குழந்தைதானே, மூணாம் கிளாஸ் போனா தானே சரியாகும்."

"மூணாம் கிளாஸ்ல கணக்கைக்கூட வாசிச்சுதான் போடணும், சாரே. அப்போ இவளைக் கடைசி பெஞ்சுல உக்கார வெச்சுடுவா. இப்போன்னா தினம் இருபது நிமிஷம் போறும், கேட்டோ."

மறுநாளிலிருந்து பன்னிரண்டு மணிக்கு, கஞ்சியும் பயறும் வரும்வரை, அனுஷாவும் இன்னும் நான்கு பேரும் டீச்சரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். மிட்டாய்ப் பெட்டி அட்டையில் வெட்டிய எழுத்துகள். ஒவ்வொன்றாக ஒலியைச் சொல்லிச் சேர்க்க வேண்டும். ம, ர, ம். மரம். 'ர'வை எடுத்து 'ட' வைத்தால் மடம். மூன்று நாள் அனுஷா அட்டையைப் பார்க்காமல் டீச்சரின் உதட்டையே பார்த்தாள். நான்காம் நாள் டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிள்ளையைத் தனியே உட்கார வைத்திருக்கும் செய்தி மாடம்மாளுக்கு எட்டியது. சிமெண்டு காயாத கையோடு வந்து வாசலில் நின்றாள்.

"எம் புள்ள மண்டுதானா டீச்சர்? உள்ளதச் சொல்லிருங்க."

"மண்டுவா? ஒரு பாடத்தைக் காதால கேட்டே மனப்பாடம் பண்ணியிருக்கா. எனக்குக் குடையை எங்கே வெச்சேன்னு ஞாபகமில்லை. கவலைப்படாம போ. பின்னே ஒண்ணு, ராத்திரி தூங்கப்போறதுக்கு முன்னாடி அவளை எதையாவது வாசிக்கச் சொல்லிக் கேளு."

"எனக்கு எழுத்து தெரியாதே."

"காது இருக்கோல்லியோ?"

அன்றிலிருந்து பிஸ்கட் உறை, தீப்பெட்டி, ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகை என்று கிடைத்ததையெல்லாம் மகள் தடவித் தடவி வாசிக்க, தாய் கேட்டாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த முதல் நாள். டீச்சர் பலகையில் அவசரமாக ஒரு வாக்கியம் எழுதினார். வகுப்பு முழுவதும் "பூனை பால் குடித்தது" என்று கூவியது. அனுஷா மட்டும் எழுந்து நின்றாள்.

"டீச்சரே, அது பால் இல்ல. பல். கால் போடல."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பூனை பல்லைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. "நான் சும்மா பரீட்சை பண்ணினேன், கேட்டோ" என்றார். யாரும் நம்பவில்லை.

சாக்பீஸை அனுஷாவிடம் நீட்டினார். பலகை அவளுக்கு எட்டாது. டீச்சர் தம் நாற்காலியை இழுத்து வந்து பலகையடியில் போட்டார். முந்தானையால் இருக்கையைத் துடைத்துவிட்டு, அவள் ஏறுவதற்குக் கை கொடுத்தார்.