சொந்த ஊர் என்று எழுதிய இடத்தில்

எங்கள் கீழ்வீட்டுக்காரர் தன் சொந்த ஊருக்கு ஒருநாளும் போனதில்லை. இந்த நாட்டுப் படிவங்கள் ஒருவர் எங்கே பிறந்தார் என்பதைவிட அவருடைய 'ஹைமாட்டோர்ட்', அதாவது சொந்த ஊர், எது என்பதில்தான் அக்கறை காட்டும். முப்பாட்டனார் எந்தக் கிராமத்தின் பதிவில் இருந்தாரோ, அதுதான் ஹைமாட்டோர்ட். சுவிஸ் கடவுச்சீட்டிலும் அந்தக் கிராமம் இருக்கும், பிறந்த ஊர் இராது. "அங்கே என்ன இருக்கிறது?" என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "மாடுகள் இருக்கும் என்று நினைக்கிறேன்" என்றார்.

நாங்கள் இந்தக் கிராமத்துக்குக் குடிவந்தது 1994 பங்குனியில். வின்டர்தூர் நகரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். ஒரு தேவாலயம், பாற்கட்டி செய்யும் கூடம், உறைபனியிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும் கல் தொட்டி, அவற்றைச் சுற்றி மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள். வீட்டு உத்தரங்களில் கட்டியவர் பெயரையும் ஆண்டையும் செதுக்கியிருப்பார்கள். திகதிகளைக் குறித்துவைப்பது எனக்குச் சிறுவயதுப் பழக்கம். உணவக வேலை இல்லாத திங்கட்கிழமைகளில் கொப்பியோடு வீடுவீடாக நின்று அவற்றை எழுதினேன். பிறகு கிராமத்தின் வரலாற்றுப் புத்தகம் கைக்கு வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு குளிர்காலம் படித்தேன். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, ஏழைக் குடும்பங்களைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது இந்தக் கிராமம். திரும்பி வரவேண்டாம் என்பதுதான் அதன் பொருள். அந்தக் குடும்பங்களின் பெயர்களையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

என் மனைவி மலருக்கு இந்தப் புத்தகங்களில் நாட்டமில்லை. அவள் அருகிலுள்ள முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: பருத்தித்துறையில் இருக்கும் அப்பாவை ஒருமுறை பார்க்கவேண்டும். அகதிகளுக்குத் தரும் பயணப் பத்திரத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டைத் தவிர. 1989இல் பஸ் நிலையத்தில் அவளை வழியனுப்பியபோது அவர் சேர்ட்டில் ஒரு பொத்தானை மாறிப் பூட்டியிருந்தாராம். அதைச் சொல்வதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிட்டதாம். 2002இல் இலங்கையில் போர்நிறுத்தம் வந்த சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. எங்கள் ஊரவர் பலர் சுவிஸ் கடவுச்சீட்டோடு போய்வந்தார்கள். நாங்களும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம், இருவருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்.

2004 ஐப்பசியில், பழைய பள்ளிக்கூட அறையில் நேர்காணல் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் கிராமத்தின் குடியுரிமைக் குழுவினர் ஐந்து பேர். தலைவர் வயதான விவசாயி. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மலரைக் கேட்டார். அந்த அம்மாவின் பெயர், முழங்கால் சத்திரசிகிச்சை, மகன் ஞாயிறுகளில் வருவது எல்லாவற்றையும் தன் உடைந்த ஜெர்மனில் சொன்னாள். எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

பிறகு என்னிடம், "எங்கள் கிராமத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். நான் சொன்னேன். உத்தரங்களில் உள்ள ஆண்டுகள், தேவாலய மணி வார்த்த கதை, பஞ்சம், கப்பல். அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன். அவற்றில் ஒன்று தலைவருடைய குடும்பப் பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர் கோபப்படவில்லை. "இறந்தவர்கள் எல்லோரையும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மேசையில் இருக்கிற ஐந்து பேரில் ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள்" என்றார்.

பத்து வருடமாக அவர்களுக்கு வணக்கம் சொல்லியிருக்கிறேன். ஒரு பெயரும் வரவில்லை. மலர் மேசைக்குக் கீழே என் கையை அழுத்தினாள், அவளுக்கு ஐந்து பேரையும் தெரியும். கிராமத்தோடு போதிய பழக்கம் இல்லை, ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது.

"அப்பாவோடை கதைச்சனான். இந்த வருசம் வாறியோ எண்டு கேட்டவர்" என்றாள் மலர், தொலைபேசியை வைத்துவிட்டு.

"என்ன சொன்னனீர்?"

"அடுத்த வருசம் எண்டு. அவர் சிரிச்சவர். உங்கை எல்லாம் ஆறுதலாய், மெள்ளத்தான் நடக்குதோ எண்டார்."

2005 மாசி 17ஆம் திகதி அவர் காலமானார். அந்தத் திகதியை நான் கொப்பியில் எழுதவில்லை.

அந்த வருடம் தலைவரின் வைக்கோல் ஏற்றும் வேலைக்குப் போனேன். அவருடைய மூத்த மாட்டின் பெயர்கூட எனக்குத் தெரிந்தது. கார்த்திகையில் எங்கள் விண்ணப்பத்தை வாக்குக்கு விட ஊர்க்கூட்டம் கூடியது. வாக்கெடுப்பின்போது விண்ணப்பித்தவர்கள் வெளியே நிற்கவேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். நாங்கள் தண்ணீர்த் தொட்டியருகே நின்றோம். உள்ளே கை தட்டும் சத்தம் கேட்டது. தலைவர் கதவைத் திறந்து வந்து, முதலில் மலரின் கையைத்தான் பிடித்தார். "அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். வருந்துகிறேன்" என்றார். மலர் நன்றி சொன்னாள். வீடுவரை எனக்கு முன்னால் நடந்தாள்.

கடவுச்சீட்டுகள் 2006 புரட்டாதியில் வந்தன. அதற்கு முந்தின மாதமே சண்டை தொடங்கிப் பாதை பூட்டியாகிவிட்டது. கூடவே குடும்பச் சான்றிதழ் ஒன்றும் தந்தார்கள். ஹைமாட்டோர்ட் என்ற இடத்தில் இந்தக் கிராமத்தின் பெயர். அதற்குக் கீழே, இங்குள்ள முறைப்படி, எங்கள் பெற்றோரின் பெயர்கள். மலர் அந்தத் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தகப்பன் பெயரில் விரலை வைத்தாள்.

"எழுத்துப் பிழை இல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

"இந்த ஊரின்ர பேர் அவருக்கு வாயிலை வராது" என்றாள். பிறகு தாளை மடிக்காமல், கடவுச்சீட்டோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் யன்னல்வழியே வந்துகொண்டிருந்தது.