அக்காவின் காருக்கு என்ன கலர்?

போன சனிக்கிழமை காலை கிள்ளானுக்குப் போனேன். அக்கா வீட்டுச் சாலையில் திரும்பியதும் பிரேக்கை அழுத்த வேண்டியதாகிவிட்டது. அறுபத்து மூன்று வயது அக்கா நடு ரோட்டில் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தாள். வாயில் எண்ணிக்கை வேறு — "இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு..."

"அக்கா! ரோட்டுல என்ன நடை இது?"

"ஹார்ன் அடிக்காத. கணக்கு தப்பிப் போயிடும்."

அவள் வீட்டு கேட்டில் பெயின்ட் அடித்த ஐந்து தகரத் துண்டுகள் சாய்ந்து நின்றன. கரும்பச்சை, நீலம், சில்வர், சிவப்பு, மஞ்சள். ஆக... காருக்கு இன்னும் கலர் முடிவாகவில்லை!

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிப்பவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். முப்பது வருஷத்துக்கு முன்னால், நாட்டை விட்டுக் கிளம்பிய ஒரு டாக்டரிடமிருந்து பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினாள். இரண்டே சீட். சேலை கட்டிக்கொண்டு, கூரையைத் திறந்துவிட்டுக் கோயிலுக்குப் போய் இறங்குவாள். சாமி கும்பிட வந்தவர்கள் காரைக் கும்பிடாத குறைதான். அப்புறம் இன்ஜின் போனது. கார் போர்ச்சில் கான்வாஸைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

போன வருஷம் திடீரென்று, "அதை எழுப்பணும்டி" என்றாள். செராஸில் இன்ஜின் வேலை முடிந்தது. பாடி இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பெயின்ட் கடையில் இருக்கிறது. பாக்கி கலர் மட்டும்தான்.

மட்டும்தானா? நம் ஆட்களிடம் கலர் கேட்டுப் பாருங்கள்! பழைய கார் வாட்ஸ்அப் குழுவில் அக்கா ஒரு வார்த்தை கேட்டாள். அங்கிள்கள் திரண்டு வந்துவிட்டார்கள். பேக்டரியில் போட்ட கரும்பச்சையே வேண்டும், மாற்றினால் அந்தக் காருக்கே அவமானம் என்றார் ஒருவர். கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், கலரை மாற்ற அலைய வேண்டும் என்று இன்னொருவர் பயமுறுத்தினார். மூன்றாமவர் அக்காவின் ராசியைக் கேட்டார். பெயின்ட் கடை ஆ கியோங்கும் பச்சைக் கட்சி. தமிழர்களோடு வளர்ந்தவர், தமிழ் தாராளமாக வரும். "பச்சைதான் கெலாஸ் லா, தனி ஸ்டைல், ஆன்டி. மஞ்சள் வேணாம். டாக்சி மாதிரி இருக்கும்."

நானும் பச்சைதான். இரண்டு மாதமாக இழுத்தடிக்கிறாளே என்று எனக்கு எரிச்சல் வேறு. அதனால்... எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே ஆ கியோங்குக்குப் போன் போட்டேன். "அக்கா ஓகே சொல்லிட்டாங்க. பச்சையே அடிச்சிடுங்க." சர்ப்ரைஸ் கொடுக்கிறேனாம்! முந்திரிக்கொட்டை என்று அம்மா என்னைத் திட்டியது சும்மா இல்லை.

அந்த சர்ப்ரைஸை மனதில் வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை ரோட்டில் அக்கா பக்கத்தில் போய் நின்றேன். அவள் நடையை நிறுத்தினாள்.

"பச்சை பத்து அடியிலயே போயிடுச்சு. நீலம் பன்னெண்டு. சில்வர் பதினாலு. சிவப்பு இருபது. மஞ்சள் இன்னும் நிக்குது பாரு."

"போயிடுச்சா? எங்க போச்சு?"

"என் கண்ணுலேர்ந்துடி."

பிறகு, வார்டில் யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். விழித்திரை கெட்டுக்கொண்டு வருகிறது. நடுவில் புகை படிந்த மாதிரி. மாதா மாதம் கண்ணில் ஊசி. "ஊசி கேக்குது. கடைசி ரெண்டு ஸ்கேன்ல மோசமாகல. டாக்டருக்குச் சந்தோஷம், எனக்கும்தான். ஆனா டார்க் கலர் எல்லாம் நிழலோட நிழலா கலந்துடுது. பச்சை கார் போர்ச்சுல நின்னா, கார் இருக்கிறதே எனக்குத் தெரியாது."

"எத்தனை மாசமா?"

"எட்டு. உன்கிட்ட சொன்னா அடுத்த வாரமே பேப்பர்ல போட்டுடுவே."

நடு ரோட்டில் நின்று அழுதேன். எதிர்வீட்டு ஆன்டி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும். அப்போதுதான் ஞாபகம் வந்தது — பச்சை!

உடனே போன் போட்டேன். "ஆ கியோங்! கலர் அடிச்சாச்சா?"

"பிரைமர் காயுது, ஆன்டி. மத்தியானம் பச்சை."

"வேணாம், வேணாம்! மஞ்சள்!"

"ஆன்டி... டாக்சி..."

"டாக்சியேதான். அடிங்க!"

போனை வைத்துத் திரும்பினால் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "என் காருக்கு நீ கலர் சொன்னியா?"

மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தகரத் துண்டுகளை அடுக்கி உள்ளே கொண்டுபோனாள். வெளியே வந்து தீர்ப்பைச் சொன்னாள். "டாக்டர் என்னை ஓட்டக் கூடாதுன்னுட்டார். நீதான் ஓட்டணும்."

"நானா? எனக்கு ஆட்டோதான்க்கா வரும். கிளட்ச் மிதிச்சு இருபது வருஷமாச்சு!"

"பழகு. நான் பக்கத்துல உக்காந்து வரேன். காத்து ரெண்டு சீட்டுக்கும் ஒண்ணுதான்."

பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். சேலை எடுத்தால் நாத்தனார் கண்ணுக்கு. வீட்டுக்கு பெயின்ட் அடித்தால் எதிர்வீட்டுக் கண்ணுக்கு. கார் கலரை மட்டும் நம் கண்ணுக்கா பார்க்கிறோம்? விற்கும்போது நல்ல விலை போகணும் என்று இன்னும் பிறக்காத ஒரு ஆளின் கண்ணுக்குப் பார்க்கிறோம்! அக்காவிடம் "எந்தக் கலர்?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்... "ஏன் இவ்வளவு யோசிக்கிறே?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கூடப் பிறந்த நானும் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இந்த வாரம் முதல் கோட் அடித்தாகிவிட்டது. நானும் கடன் வாங்கிய ஒரு காரில் கிளட்ச் பழகுகிறேன். அக்காவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, "பாவம்" என்ற வார்த்தை வரக் கூடாதாம்.

மஞ்சள் பிடிக்காதவர்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம். அக்கா மூடுவதாக இல்லை.