நாசர் சொல்லாத நான்காவது வரி

1979 பங்குனி. கராத்தே வகுப்புகள் ஊருக்கு ஊர் முளைத்திருந்த நேரம். "அடிதடிக்குப் பழகுறாங்களா, ஒழுக்கத்துக்கா? போய்ப் பார்த்து எழுதும்" என்றார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். திருகோணமலையில் துறைமுகத் தொழிலாளர் பழகும் வகுப்பு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கொழும்பில் பஸ் ஏறினேன். 160 மைல், பதினெட்டு ரூபா. இறங்கும்போது பிற்பகல் மூன்று மணி. லிங்கநகரில் நண்பர் வீட்டில் தங்கினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பு. துறைமுக வீதியில் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்று, சிமெந்துத் தரை, பதினொரு பேர். பழக்குபவர் சிவம், சுங்கத்தில் எழுதுவினைஞர், வயது இருபத்தொன்பது. அன்று சோதனை நாள். கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்திருந்தார். ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவாராம்.

கறுப்புப் பட்டிக்கு நின்றவர் ஒருவரே. நாசர், பாரந்தூக்கி இயக்குபவர், வயது நாற்பத்தொன்று, ஊர் கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணி. ஏழு வருடம் பழகியவர். அடுத்த மாதம் வேலைக்காகக் குவைத் போகிறார். இதை விட்டால் அவருக்கு வேறு சோதனை இல்லை.

தொடங்குமுன் முழந்தாளிட்டு ஐந்து உறுதிமொழிகள் சொல்கிறார்கள். ஒவ்வொரு வரியையும் வரிசையாக ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அந்தக் கிழமையில், அதாவது கடந்த ஏழு நாளில், எந்த வரியை மீறினாரோ, அந்த வரி தன்னிடம் வரும்போது அவர் பேசாமலிருக்க வேண்டும். ஏனென்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அன்று அவருக்குப் பயிற்சியோ சோதனையோ கிடையாது. கையை அடக்க முடியாத கிழமையில் அந்தக் கைக்கு மேலும் பழக்கம் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய கொள்கை.

நான்காவது வரி, "முதல் அடி என்னுடையதாக இராது." அது நாசரிடம் வந்தது. அவர் பேசவில்லை.

சிவம் எழுந்து வந்து அவர் பக்கத்தில் குனிந்தார். "நாசர் நானா, இண்டைக்கு மட்டும் சொல்லிப்போடுங்கோ. பரிசோதகருக்குத் தமிழ் விளங்காது."

"உங்களுக்கு விளங்கும்தானே, மாஸ்டர்."

சிவம் நிமிர்ந்தார். பிறகு பட்டியலில் நாசரின் பெயரை வெட்டினார். மற்றவர்களின் சோதனை முடியும் வரை நாசர் சுவரோரம் இருந்து பார்த்தார். முடிந்ததும் தரையைக் கூட்டினார்.

கிண்ணியா பார்க்கும் எண்ணம் எனக்கு இருந்ததால் அவரோடு பன்னிரண்டரை பஸ்ஸில் போனேன். ஏறத்தாழ பன்னிரண்டு மைல். வழியில், தொழில் பழக்கத்தில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன்.

"புதன்கிழமை வேலைக்குப் பிந்திப்போச்சு. பாதையில இடமில்லண்டு ஹனீபா காக்கா மறிச்சார். கன்னத்தில ஒண்டு விட்டுட்டன்" என்றார். களப்பு எனும் உப்பங்கழியைக் கடக்கும் தட்டைப் படகை இங்கே பாதை என்பார்கள். ஹனீபா அதைக் கயிற்றால் இழுப்பவர்; காக்கா என்பது மூத்தவரை அழைக்கும் சொல்.

துறையில் ஹனீபாவே நின்றார். "என்ன, பட்டி கட்டியாச்சா? இனி நான் தலைக்கவசம் போட்டுக்கொண்டுதான் இழுக்கணும்."

"இல்ல காக்கா. சோதினைக்கு நிக்கல்ல."

"ஏன்?"

"உங்களுக்கு அடிச்சதால."

ஹனீபாவின் கை கயிற்றில் நின்றது. "நான் ஒருத்தர்ட்டயும் முறைப்பாடு சொல்லல்லயே."

"நானேதான் விலகினன். செஞ்சது பிழை, காக்கா."

ஹனீபா கயிற்றில் இடம் விட்டு நகர்ந்தார். "குவைத்துக்குப் போறதுக்குள்ள ஊட்டுக்கு ஒருக்கா வா. இப்ப இந்தக் கயித்தப் பிடி" என்றார். அக்கரை வரை இருவரும் இழுத்தார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: கிண்ணியாவுக்குப் போவதானால் பாதைக்காக அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஞாயிறுகளில் மட்டும். எட்டு மணிக்கு முன்பே போய்ச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஓரமாக இருங்கள். உதைகளை எங்கும் பார்க்கலாம், உறுதிமொழியைத் தவற விடாதீர்கள். யாராவது ஒரு வரியில் பேசாமலிருந்தால் காரணம் கேட்க வேண்டாம். நான் கேட்டிருக்கக் கூடாது. நாசரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.