ஒரே மரத்து விதை

அருள்ராஜ் ஊரைவிட்டுப் போனது மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மலைத்தேனீ கொட்டி வீங்கிய முகம் முழுதாக வடியுமுன்னே சென்னை பஸ்ஸில் ஏறிவிட்டான். அங்கே ஒரு கிடங்கில் வேலை. வழியனுப்ப வந்த வேடியப்பன், பஸ் கண்ணைவிட்டு மறைந்த பிறகும் நின்ற இடத்திலேயே நின்றார்.

எங்கள் நாற்றுப்பண்ணைக்காக இருவரும்தான் மலைமேல் போய் வேங்கை விதை கொண்டுவருவார்கள். ஒருவர் மரத்தில் ஏறுவார், மற்றவர் கீழே கயிற்றைப் பிடிப்பார். மலையில் வேங்கை அருகிவிட்டது. அதனால் மரத்துக்குக் கொஞ்சமாகப் பறித்து, தனித்தனிப் பையில் போட்டு, மரத்தின் எண்ணை எழுத வேண்டும். எல்லா விதையும் ஒரே தாயுடையதாக இருந்தால் முளைப்பதெல்லாம் உடன்பிறப்புகள். வளர்ந்து தங்களுக்குள்ளேயே கலந்து நோஞ்சான் விதைதான் தரும். ஒரு பூஞ்சை வந்தால் மொத்தமும் போய்விடும்.

வேடியப்பன் அடி அண்ணாமலைக்காரர். கொஞ்சம் நிலக்கடலை போடுகிறார். மனைவி சரசுவுக்குக் கிரிவலப் பாதையில் டீக்கடை. அருள்ராஜ் போன பிறகு மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆனால் அந்த மாதமே தனியாகப் போய் விதைப் பைகளோடு வந்தார். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். நாங்கள் சந்தோஷமாக விதைத்தோம்.

ஆடியில் நந்தினி என்ற ஆராய்ச்சி மாணவி வந்து கன்றுகளின் இலைகளைக் கிள்ளிச் சேகரித்தாள். இலையின் மரபணுவைப் படித்து, எவை கலந்து நடத் தகுந்தவை என்று சொல்வது அவள் வேலை. ஐப்பசி மழையில் மலைச்சரிவில் நடுவதாக இருந்தோம். வேடியப்பன் அவள் பின்னாலேயே நடந்தார்.

"இலையப் பாத்தா தாய் யாருன்னு தெரிஞ்சிடுமா?"

"தெரிஞ்சிடும்ணா."

"தப்பா வராதா?"

"ரொம்பக் கம்மி."

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என் செல்போன் ஒலித்தால் அவர் கை நின்றுவிடும். ஒருநாள் டீக்கடையில் சரசுக்கா என்னிடம் டீயை நீட்டியபடி, அவர் காதில் விழவே சொன்னார்: "பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையச் சுத்துறாரு. மேல போங்கன்னா மட்டும் மூஞ்சி வெளுத்துப்போவுது."

வேடியப்பன் சிரிக்கவில்லை. நான் கிளம்பும்போது கூடவே வந்தார்.

"கீர்த்தனாம்மா, எல்லாம் ஒரே மரம். பாதையோரமா நிக்குதே, அதான். பைல நம்பர் மட்டும் மாத்தி மாத்திப் போட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா."

"சொன்னா மறுபடி மேல போகச் சொல்லுவீங்க."

பண்ணையை நடத்தும் கோதண்டராமன் சார் திட்டவில்லை. நடவை நிறுத்தினார். "வர்ற சீசன்ல மேல இருந்து விதை வரணும் வேடியப்பா. இல்லன்னா அந்தச் சரிவுல வேங்கையே கிடையாது." மீதி மரங்களுக்குப் போகும் வழி வேடியப்பனுக்கும் அருள்ராஜுக்கும்தான் தெரியும். அருள்ராஜ் போனை எடுப்பதில்லை.

தை கடைசியில் நானும் வேடியப்பனும் போனோம். கயிறு பிடிக்க நான். பல ஊர்களில் என்னென்னவோ வேலை செய்துவிட்டு வந்தவள். இப்படி ஒரு வேலை செய்ததில்லை. வாசனைக்குத் தேனீ வரும், தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். முதல் மரங்களில் ஒன்றும் ஆகவில்லை. கடைசி மரம் ஒரு பாறையை ஒட்டி நின்றது. பாறையின் அடியில், கறுப்புத் துணி தொங்குவதுபோல மூன்று தேனடைகள். எந்நேரமும் அடங்காத ஒரு முனகல்.

அவர் பாதி ஏறியிருந்தபோது ஒரு கிளை முறிந்தது. அடையை மூடியிருந்த தேனீக்கள் மிரண்டு சிலிர்க்க, அதன் மேல் மினுமினுவென்று ஓர் அலை ஓடியது. மறுபடி ஓடியது. அவர் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டார். ஒரு தேனீ என் கழுத்தில் உட்கார்ந்து ஊர்ந்தது. என் கால்கள் ஓடத் தயாராகிவிட்டிருந்தன.

மேலிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஓடணும்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அருள்ராஜைக் கொட்டுன அன்னிக்கு நான் கயித்த விட்டுட்டு ஓடிட்டேம்மா. அவன் யார்கிட்டயும் சொல்லல."

கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன். அலை அடங்கும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு அவர் கை நீண்டு காய்களைப் பறிக்கத் தொடங்கியது.

அடுத்த வருடம், அந்த விதைகள் முழங்கால் உயரக் கன்றுகளாகி, நந்தினி மறுபடி வந்து இலை கிள்ளிப் போன பிறகு, அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது:

"அக்கா, முதல் விதைப்புல எல்லாம் ஒரே தாய்தான். ரெண்டாவதுல தாய்கள் வேற வேற, தாராளமா நடலாம். ஆனா அந்தத் தாய்களே ஒண்ணுக்கொண்ணு நெருங்கிய சொந்தம். இனிமே இந்த மலை விதை மட்டும் போதாது, ஜவ்வாது மலை விதையும் கலக்கணும். அங்க மரமெல்லாம் இன்னும் உயரம், தேனீயும் ஜாஸ்தியாம். வேடியப்பன் அண்ணன் வருவாரான்னு கேட்டுச் சொல்றீங்களா?"