திரையில் தமிழ் காணாமல் போன காலை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பலாப்பழ சீசனில் நடந்தது இது. நெய்வேலி டவுன்ஷிப்பில், சுரங்க வேலைக்கு ஆள் அனுப்பும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சுமார் இருநூறு கம்ப்யூட்டர்கள். மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரிந்தால் அதை அடைக்க 'பேட்ச்' வரும். மேஜை மேஜையாகப் போய் உட்கார வேண்டாம். என் இடத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த முறை பேட்ச்சோடு சேர்த்து, அனுமதி இல்லாத பழைய மென்பொருள்களையும் நீக்கச் சொல்லி சென்னைத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை, தமிழ்க் கடிதங்கள் டைப் செய்யும் பெண் என்னிடம் வந்தார். கான்ட்ராக்ட் வேலை, குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்.

"சார், நான் அடிக்கிற தமிழ் எழுத்து பழசுங்க. அதுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?"

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சனிக்கிழமை மதியம் எல்லாரும் கிளம்பியதும் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பட்டியல் முழுக்கப் பச்சை. நிம்மதியாக குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன். "சார், தமிழ் எல்லாம் போயி ஏபிசிடியா வந்துகினு இருக்குங்க. கொஞ்சம் வர்றீங்களா?"

போய்ப் பார்த்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது. நீக்க வேண்டிய பட்டியலில் அவருடைய பழைய தமிழ் எழுத்துருவும் (ஃபான்ட்) இருந்திருக்கிறது; நான் படித்துப் பார்க்கவில்லை. திரும்பப் போட சென்னையின் அனுமதி வேண்டும். கேட்டேன். மாலைக்குள் தருகிறோம் என்றார்கள்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் காத்திருந்தார். எங்கள் நிறுவனத்தில் வேலை செய்த கணவர் மாரடைப்பில் போய்விட்டார். இவருக்கு வேலை தருவது பற்றி அன்று பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். அதற்கான மூன்று பக்கப் பரிந்துரை, அந்தச் சிதறலுக்குள் இருந்தது. சனிக்கிழமை காலை பணியாளர் பிரிவு அதிகாரி சொல்லச் சொல்ல அடித்ததாம், கைப்பிரதியும் இல்லை, பிரிண்டும் இல்லை. அதிகாரி லீவில் போய்விட்டார், போனும் எடுக்கவில்லை.

டைப் செய்யும் பெண் என்னைத் திட்டியிருக்கலாம். அவரோ நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எந்தக் கட்டையத் தட்டினா எந்த எழுத்து வரும்னு விரலுக்குத் தெரியுங்க சார். இது கட்டையோட எழுத்துதானே? நான் படிச்சிகினே வரேன். நீங்க செல்போன்ல அடிக்கிற தமிழ்ல அடிங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சொல்லைக் காட்டினேன். mk;kh என்றிருந்தது. "அம்மா" என்றார், யோசிக்காமல்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அவர் வாசிக்க, நான் அடித்தேன். வாசிப்பதில் அவர் எங்கும் தடுமாறவில்லை. நான்தான் பின்தங்கி, "கொஞ்சம் இருங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயர் ஒன்றில் சந்தேகம் வந்தபோது, பெஞ்சில் இருந்தவரை உள்ளே அழைத்துக் கேட்டோம். சரிதான் என்றவர், அங்கேயே நின்றுவிட்டார். 'ஷிப்டுக்கு ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை' என்ற வரி வந்தது. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, சோறு ஆறறதுக்குள்ள கெளம்பிடுவாரு" என்றார்.

பதினொன்றரைக்கு மேனேஜரின் கையெழுத்து விழுந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டார். "என் தப்பு சார். இவங்க முன்னாடியே கேட்டாங்க, நான் காதுல வாங்கல" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அதோடு விட்டார். மாலையில் எழுத்துருவும் திரும்பி வந்தது. பெஞ்சில் காத்திருந்த பெண்ணுக்கு அடுத்த மாதமே கேன்டீனில் வேலை கிடைத்தது. இப்போதும் என்னைப் பார்த்தால், கேட்காமலே டீயில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டுத் தருவார்.

அதன் பிறகு, முதலில் ஐந்தாறு கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் அனுப்பி, அவற்றில் வேலை செய்கிறவர்களிடம் பேசிப் பார்த்துவிட்டே மற்றவற்றுக்கு அனுப்புகிறேன். அப்படியும் கடைசிப் பட்டனை அழுத்தும் முன் என் விரல் ஒரு கணம் நிற்கிறது. யாராவது கேட்க வந்து, நான் நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துவிட்டுத்தான் அழுத்துகிறேன்.