அந்தச் சூரியனை நான் தின்றிருக்கிறேன்

மைத்துனரை எழும்பூரில் ரயிலேற்றிவிட்டு வெளியே வந்ததும் என் மனைவி, "பக்கத்துலதான மியூசியம்? இத்தனை வருஷமா சிட்லபாக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு தடவைகூடப் பாத்ததில்ல, வாங்க போவோம்" என்றாள். எனக்கு ஆச்சரியம். கோவில் பிரகாரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றலாமா என்றாலே முழங்காலைக் காட்டுகிறவள், டிக்கெட் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

சிலைகளைப் பார்த்து, பீரங்கிகளைப் பார்த்து, கடைசியில் நவீன ஓவியங்கள் இருந்த கூடத்துக்கு வந்தோம். நவீன ஓவியம் விஷயத்தில் எனக்கு ஒரு வழிமுறை உண்டு. புரிந்த மாதிரி தலையைச் சாய்த்து, 'ம்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். யாரும் இதுவரை கண்டுபிடித்ததில்லை.

அப்படிப் போகும்போதுதான் அது என்னைப் பிடித்து நிறுத்தியது. பீரோ கதவு அகலத்துக்கு ஒரு படம். கீழே பாசி பிடித்த பச்சை, மேலே சாம்பல். நடுவில், பெஞ்சு மாதிரி ஒன்றில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய உருவம். கழுத்து இல்லை, இடுப்பும் இல்லை. அரிசி மூட்டைக்குச் சட்டை போட்ட மாதிரி முதுகு மட்டும். ஒரு கை வாய்ப்பக்கம் உயர்ந்திருந்தது. கை முடியும் இடத்தில் செம்பழுப்பாக ஒரு வட்டம்.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் தன் கூட்டாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தான். "மச்சான், அது அஸ்தமனம்டா. தனிமையில இருக்கிற மனுஷன் சூரியனையே கையில ஏந்திப் பாக்கறான்."

சூரியனாம். நடுவில் ஓட்டையோடு எந்த ஊரில் சூரியன் வருகிறது? அது மெதுவடை. அந்தப் பெஞ்சு எங்கள் ஏரிக்கரை சிமெண்ட் பெஞ்சு. அந்த முதுகு என்னுடையது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரை. தினமும் காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறேன் என்பது வீட்டில் பதிவான செய்தி. பாதிச் சுற்றில் ஒரு தள்ளுவண்டி நிற்கும் என்பது பதிவாகாத செய்தி. "இவ்வளவு நடந்தும் ஏன் சார் இறங்க மாட்டேங்குது?" என்று டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துக் குழம்புவார். அடுத்து என் மனைவியின் ரிப்போர்ட்டை எடுப்பார். வீட்டில் எண்ணெயே சேர்க்காமல் சமைத்தும் அவளுக்குக் கொழுப்பு இறங்காத ரகசியமும் அவருக்குப் பிடிபடவில்லை. பரம்பரை என்று முடிவு செய்திருந்தார். நல்ல மனிதர்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பொய். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. யார் வரைந்திருப்பார்கள்? கரையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரும் அந்தப் பெண்ணா? பறவையைப் படம் எடுக்கிறேன் என்று தினமும் என் பக்கமே கேமராவைத் திருப்பும் ரிட்டயர்டு பேர்வழியா? படத்துக்குக் கீழே ஓவியர் பெயரும் வருடமும் ஒட்டியிருந்தன. அதைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் படிக்கவில்லை. வடையின் ஓரம் மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், மூக்கு படப்போவுது, தள்ளி நில்லுங்க" என்றார் காவலாளி.

நிமிர்ந்தால் பக்கத்தில் என் மனைவி. எந்தப் படத்தின் முன்னாலும் நிற்காதவள் இதன் முன்னால் கல்லாகச் சமைந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு பார்வை படத்தை, ஒரு பார்வை என்னை.

"என்ன பாக்கற?"

"ஒண்ணுமில்ல. நீங்க என்ன பாக்கறீங்க?"

"சூரியன்" என்றேன்.

"ஆமா. சூரியன்தான்" என்றாள், கொஞ்சம் அவசரமாக.

மின்சார ரயிலில் கிண்டி வரை ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். பரங்கிமலை தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே, "நாளைக்குக் காலையில நானும் உங்ககூட வாக்கிங் வரேன்" என்றாள். அவள் நடப்பது எப்போதும் சாயங்காலம். சேர்ந்து நடந்தால் சண்டை வருகிறது என்று நாங்களே பேசிப் பிரித்துக்கொண்ட ஏற்பாடு அது. இப்போது எதற்குக் காலையில்? புலன்விசாரணை, வேறென்ன. சானடோரியத்தில் இறங்கும்போது நானும் முழங்காலைக் காட்டித் தப்பிக்கலாமா என்று யோசித்தேன். போயிற்று. இனி வாழ்நாள் முழுக்க ஓட்ஸ்.

மறுநாள் ஏரிக்கரையில் நான் நடந்த வேகத்தில் என்றைக்காவது நடந்திருந்தால் சர்க்கரை எப்போதோ பயந்து ஓடியிருக்கும். தள்ளுவண்டி வந்ததும் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். தற்செயலாகப் பார்த்தால், என் மனைவியும் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி தண்ணீர்ப் பக்கமே திரும்பியிருந்தாள்.

"இன்னா சார், கண்டும் காணாத மாதிரி போய்க்கினு கீறீங்க? வடை சூடா கீது!" என்றது வண்டிக்காரம்மாவின் குரல்.

நான் செத்தேன். ஆனால் அந்தம்மா நிறுத்தவில்லை.

"அட, அக்கா! நீ இன்னா காலைல? நேத்து சாயங்காலம் ஏன் வர்ல? உனக்குன்னு வாழக்கா பஜ்ஜி எடுத்து வச்சிகினு எம்மா நேரம் பாத்தேன் தெரியுமா?"

ஏரியில் ஒரு நாரை பறந்தது. நாங்கள் இருவரும் அதை மிகுந்த அக்கறையோடு பார்த்தோம்.

வண்டிக்காரம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே வூடா?" என்று கேட்டுவிட்டு, கரண்டியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். வேறு வழியில்லை, கால்கள் அங்கேதான் போயின.

"அப்ப நேத்து அந்தப் படத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"நான்னு நெனச்சேன்" என்றாள். "அது என் முதுகு. உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சோன்னு ராத்திரி பூரா தூக்கமில்ல. வண்டிக்காரம்மா காலையிலயும் கடை போடுதான்னு பாக்கத்தான் வந்தேன்."

"உன் முதுகா? கையில மெதுவடை இருந்துதே!"

"வடையா? அது வாழைக்காய் பஜ்ஜிங்க."

"நடுவுல ஓட்டை?"

"அது ஓட்டையில்ல, பெயிண்ட் உதிர்ந்திருக்கு. நான் நல்லாப் பாத்தேன்."

பிறகு அவளே எழுந்து போய் ஒரே ஒரு வடை வாங்கி வந்து இரண்டாகப் பிய்த்தாள். பெரிய பாதியைத் தானே வைத்துக்கொண்டாள். டாக்டரிடம் சொல்லமாட்டாள் என்பதற்கு அதைவிட உத்தரவாதம் வேண்டாம். நான் வாயில் வைக்கும் முன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்தோடு அந்தப் பெண் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.