காணாமல் போன செருப்பு

என் செருப்பைக் காணோம். பையைத் துழாவினால் பாஸ்போர்ட்டையும் காணோம். ஏமன் நாட்டு மலைக் கிராமம் ஒன்றில், முன்பின் தெரியாத வீட்டில், காய்ச்சலோடு கிடந்தேன். அல்லாஹ்வே, பிடித்து வைத்துவிட்டார்களே என்று பையை மறுபடியும் கவிழ்த்துக் கொட்டினேன்.

இது எண்பத்தேழில் நடந்தது. எனக்கு ஊர் வீரசோழன். அரபி படிக்கப் போனேன். பஸ் ஏற்றிவிடும்போது அத்தா சொன்னது ஒன்றுதான்: "ஏப்பா, விருந்தாளியாப் போற எடத்துல வாய் தொறந்து எதையும் கேட்டுப்புடாத. மருவாதி இல்ல." எங்கள் வீட்டு வழக்கம் அது. தாகம் எடுத்தாலும் தண்ணீர் கேட்க மாட்டோம். அவர்களாகத் தந்தால்தான்.

ஏமனில் இறங்கி, செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போகிற பஸ்ஸிலேயே காய்ச்சல் தூக்கிப் போட்டது. டிரைவர் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் என்னை இறக்கி, என்னமோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். வியாழக்கிழமைக்குள் சேராவிட்டால் என் இடம் போய்விடும். இடம் போனால் விசாவும் போகும். படிப்பே இல்லை, ஊர் திரும்ப வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் பெயர் சாலிஹ். வெள்ளைத் தாடி, இடுப்பில் வளைந்த கத்தி. அந்தக் கத்தியைப் பார்த்தே எனக்குப் பாதி உயிர் போயிற்று. கறியும் தேனும் கொடுத்தார். யார், எதற்கு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலுக்கு எழுந்து போனால் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ஜன்னலுக்கு வெளியே நம் திருச்சுழிப் பக்கம் மாதிரியே முள்ளும் பொட்டலும். வெறுங்காலோடு எங்கே ஓட? பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டிருக்கலாம். அத்தா சொன்னது தடுத்தது.

வியாழன் விடிந்தது. சுபுஹு தொழுதுவிட்டுக் கையேந்தினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மனிதரிடம் கேட்காத வாய், ரப்பிடம் தெரிந்த அரபியில் சத்தமாகவே கேட்டது: "யா அல்லாஹ், இந்தச் சிறையிலிருந்து என்னை விடுவி! என் படிப்பைக் காப்பாற்று!"

பின்னால் சாலிஹ் நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்குப் புரியும்படி மெதுவாகப் பேசினார். நம் பேச்சில் சொன்னால் இப்படி: "ஏம்ப்பா, எங்க வீடு ஒனக்கு ஜெயிலா? விருந்தாளி மூணு நாளு தங்கணும். அதுக்கு முன்ன அவுக சோலியப் பத்திப் பேச்செடுத்தா எங்களுக்குக் கேவலம். காச்சலோட கெளம்பிறக் கூடாதுன்னுதான் செருப்ப எடுத்து வச்சேன்."

"பாஸ்போர்ட்டு?" என்றேன். கேட்டேவிட்டேன்!

"டிரைவரு சொல்லிட்டாருல்ல. நீ வந்த அன்னைக்கே எந்தம்பி அதக் கொண்டுக்கிட்டுக் காலேஜுக்குப் போயிட்டான். புள்ள காச்சலாக் கெடக்கு, எடத்த வச்சிருங்கன்னு சொல்ல."

மத்தியானம் தம்பி வந்தார். பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தார். இடம் அப்படியே இருக்கிறது, உடம்பு தேறி வரட்டும் என்றார்களாம். அல்ஹம்துலில்லாஹ்! நான் கையேந்தும் முன்பே என் ரப்பு ஆள் அனுப்பியிருக்கிறான். அந்தத் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதேன். கிளம்பும்போது சாலிஹ் செருப்பைக் கொண்டுவந்தார். ஊரிலேயே அறுந்துபோயிருந்த வாரைத் தைத்து வைத்திருந்தார்.

படித்து முடித்து, இப்போது ஊரில் பிள்ளைகளுக்கு அரபி சொல்லித் தருகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் சோற்றைப் போட்ட கையோடு, "என்ன சோலியா வந்தீக, சொல்லுங்க" என்று கேட்டுவிடுவேன். என் மனைவி கேலி செய்வாள். செய்யட்டும்.

அன்பானவர்களே, எல்லாக் கதவும் அடைத்துவிட்டது என்று மருகிக் கிடக்கிறீர்களா? கூச்சப்படாதீர்கள். நம் ரப்பிடம் வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் காரியத்துக்கும் ஏற்கெனவே ஆள் போயிருக்கும்.